ஒவ்வொரு எட்டாவது வீடும்

பஹீஜாவின் இடது கணுக்கால் வீங்கி இரண்டு வாரமாகிவிட்டது. காலையில் நின்றபடி பாடம், மாலையில் கைரவான் நகரின் புழுதிச் சந்துகளில் கேள்வித்தாள்களோடு அலைச்சல். இருபத்தாறு வருடமாக ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தவள், ஐம்பத்தொரு வயதில் முதுகலை படிக்கப் போயிருந்தாள். ஆய்வேட்டை முடித்தால் ஆசிரியர் பயிற்சி நிலையத்துக்கு மாற்றல் கேட்கலாம். உட்கார்ந்து பார்க்கிற வேலை. அவள் ஆசை அவ்வளவுதான்.

பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு வீட்டில் யார் உதவுகிறார்கள் என்பது ஆய்வு. ஒவ்வொரு எட்டாவது வீடாக மொத்தம் அறுபது வீடுகள். ஐம்பத்தொன்பது முடிந்திருந்தன. போன இடத்திலெல்லாம் தேநீர் குடித்து, மக்ரூத் பலகாரம் தின்று அவளுக்கு இனிப்பென்றாலே நெஞ்சு கரித்தது. மிச்சமிருந்தது கணவனின் தங்கை ஷாத்லியாவின் வீடு. மாமியார் இறந்தபின் ஆலிவ் மரங்களைப் பங்கு பிரித்ததில் ஆறு வருடமாகப் பேச்சில்லை. இரண்டு முறை போயாயிற்று. மாடி ஜன்னல் அசைந்தது, கதவு திறக்கவில்லை.

“பக்கத்து வீட்டுல கேட்டு எழுதிக்கிட்டு வந்துடு. யாருக்குத் தெரியப்போகுது?” என்றான் கணவன் ஹாதி.

“உன் தங்கச்சிகிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லேன்.”

“நானா? நான் இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கணும்.”

அந்த வீட்டை விட்டுவிடலாமா என்று வழிகாட்டிப் பேராசிரியர் மன்ஸூரியிடம் கேட்டாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“தட்டுனதும் திறக்குற கதவு ஒரு ரகம், திறக்காத கதவு வேற ரகம். இதை விட்டீங்கன்னா உங்களைப் பிடிச்சவங்களை மட்டும் கேட்டதா ஆயிடும். மூணாவது தடவையும் போங்க.”

“அவ என் நாத்தனார், சார்.”

“அப்போ வேற ஆளை அனுப்புறதுதான் முறை. ஆள் இருக்கா?”

சும்மா யார் வருவார்கள்?

“சரி, நீங்களே போங்க. சொந்தம்னு தாள்ல குறிச்சிடுங்க. கேள்வியைப் படிங்க, பதிலை எழுதுங்க, வாயைத் திறக்காதீங்க.”

மூன்றாவது முறை ஷாத்லியா ஈரக்கையோடு கதவைத் திறந்தாள்.

“வாங்க டீச்சரம்மா. பட்டம் வாங்கணும்னதும் வழி தெரிஞ்சிடுச்சா?”

பஹீஜா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உங்க வீட்டுல பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க எத்தனை பேர்?”

“உங்க வீடா? எப்பலேர்ந்து அண்ணி இந்த மரியாதை?”

“தாள்ல அப்படித்தான் இருக்கு.”

“ரெண்டு பேர். தெரியாத மாதிரியே கேளுங்க.”

ஒன்பதாவது கேள்வி: உறவினர் யாராவது எப்போதாவது பாடத்துக்கு உதவியதுண்டா?

“இல்ல. ஒருத்தரும் இல்ல. எழுதுங்க.”

பேனா நின்றது. பேச்சு நிற்பதற்கு முன்னால் பஹீஜாவின் மகன் நிஸார் இரண்டு குளிர்காலம் மழையில் நனைந்து வந்து இவள் மூத்தவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு ‘இல்லை’யைச் சுற்றி வட்டம் போட்டாள்.

“என்ன, சண்டைக்கு வரலியா?”

“நான் பேசக் கூடாது. கேட்க மட்டும்தான்.”

“இந்தச் சட்டத்தை மரம் பிரிக்கிறப்பவே போட்டிருக்கலாம்.”

பஹீஜாவுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது, களைப்பில் பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்ததைப் படித்தாள்: தினமும் பாடம் சொல்லிக்கொடுப்பது யார்?

ஷாத்லியா கையைத் துடைத்துக்கொண்டாள். “யாருமில்ல. எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துல உக்காந்திருப்பேன், அவ்வளவுதான். தூங்குனா எழுப்புவேன்.”

சொன்னதைச் சொன்னபடி பஹீஜா ஓரத்தில் எழுதினாள். எழுதும்போதுதான் உறைத்தது. ஐம்பத்தொன்பது தாள்களில் ஒரு தாய்கூட எழுத்துத் தெரியாது என்று சொல்லவில்லை.

“மூலைவீட்டு ஸுஹைரா என்ன சொன்னா?”

“அதைச் சொல்லக் கூடாது.”

“தானே சொல்லிக்குடுக்குறேன்னு சொல்லியிருப்பா. கையெழுத்துப் போடக் கத்துக்க முதியோர் வகுப்புக்கு என்கூடத்தான் வந்தா. ரெண்டே நாள்ல நின்னுட்டா. டீச்சர் முன்னால யார் அண்ணி ஒத்துக்குவா? எனக்கென்ன, உங்க முன்னால எதுக்கு வெக்கப்படணும்?”

தினமும் ஒரு மணி நேரம் என்று ஸுஹைரா சொல்லியிருந்தாள். தட்டில் இன்னும் இரண்டு மக்ரூத் எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

வீட்டுக்கு வந்து உப்புவெந்நீரில் காலை வைத்தாள். ஹாதி எட்டிப் பார்த்தான்.

“முடிஞ்சுதா? அறுபதும்?”

“அறுபதாவது முடிஞ்சுது. மத்ததுக்கெல்லாம் திரும்பப் போகணும். நான் போனா யாரும் நிஜம் சொல்ல மாட்டாங்க, டீச்சர் இல்லாத யாராவது போகணும்.”

“அப்போ இந்த வருஷம் மாற்றல்?”

“இந்த வருஷம் இல்ல” என்றாள். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து சூடு பண்ண அவளுக்குத் தெம்பில்லை. ஹாதியிடம் கெட்டிலை எடுத்து வரச் சொன்னாள்.