நான்காம் மாடி வட்டி

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். கையில் வந்த ஓய்வுப் பணத்தை அப்படியே வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருந்தார். அதன் வட்டியில்தான் வீடு ஓடியது. முக்கியமாக, நர்ஸம்மாவின் சம்பளம். மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து, நர்ஸம்மாதான் தினமும் காலையில் வந்து குளிப்பாட்டி, கை காலை நீவி, கூடத்தில் நாலு எட்டு நடக்க வைத்துவிட்டுப் போவார். இந்தப் பயிற்சியை நடுவில் விட்டால் கால் மறுபடி மரத்துப்போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வைப்புத்தொகை முதிர்ந்த அன்று வங்கிக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் புதிய வட்டியைச் சொன்னதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னம்மா, பாதியாப் போச்சே?"

"எல்லா இடத்துலயும் இறங்கிடுச்சு சார்."

"இறங்கினது எப்போ ஏறும்?"

"அது எங்க கையில இல்ல சார்."

பின்னே யார் கையில்தான் இருக்கிறதாம்? கடன் வாங்குகிறவனுக்கு நல்ல காலம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவனுக்குத் தண்டனை. இது என்ன ஊர் நியாயம்?

அன்றிலிருந்து கூடுதல் வட்டியைத் தேடி அலைய ஆரம்பித்தார். "ஷேர்ல போடுங்க மாமா, டிவிடெண்டே போதும்" என்றான் மச்சினன்.

"மேலயும் கீழயும் போறத சர்வீஸ்லயே நிறையப் பாத்தாச்சுடா. ஆள விடு."

ஏஜெண்ட் ஒருவன் கடன் பத்திரத் திட்டம் என்று நாற்பது பக்கத்தைக் கொடுத்தான். நல்ல வட்டிதான்; ஆனால் பத்து வருடத்துக்குப் பணத்தைத் தொடக்கூடாதாம். பத்து வருடம் யார் இருப்பார்கள், யார் போவார்கள்? எரிச்சலில் அந்தக் காகிதத்தை மடித்து, ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுத்தார்.

கடைசியில் ஒரு நிதி நிறுவனத்தின் நோட்டீஸ் கைக்கு வந்தது. வங்கி தருவதைப்போல் இரண்டு மடங்கு வட்டி. அலுவலகம் ஒரு பெரிய கட்டடத்தின் நான்காம் மாடியில். அவர்கள் நீட்டிய கணக்கறிக்கையில் அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் லிஃப்ட் புரிந்தது. பெட்டி தரையோடு மட்டமாக வந்து நின்றது. உள்ளே ஒட்டியிருந்த சர்வீஸ் அட்டையில் ஒரு மாதம்கூடக் கையெழுத்து விட்டுப்போகவில்லை. காவலாளியைத் தாஜா பண்ணி மொட்டை மாடிக்கே ஏறி, பெட்டியைத் தூக்கும் கம்பி வடத்தையும் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். லிஃப்டில் கஞ்சத்தனம் பண்ணாதவன் எதிலும் ஏமாற்ற மாட்டான் என்பது அவருடைய முப்பத்தாறு வருடக் கணக்கு.

முழுப் பணத்தையும் போட்டார். மச்சினனுக்குப் போன் போட்டு வீடே அதிரும்படி பெருமையடித்தார்.

ஐந்து மாதம் வட்டி மணிமணியாக வந்தது. மனைவி ஜன்னல் வரை தனியாக நடந்தாள். ஆறாவது மாதம் பணம் வரவில்லை. போனையும் யாரும் எடுக்கவில்லை. ஓடினார். நான்காம் மாடியில் பூட்டுத் தொங்கியது.

"இவ்வளவு ஒழுங்கா லிஃப்ட் வெச்சிருக்கறவங்க எப்படிய்யா ஓடுவாங்க?" என்று காவலாளியிடம் கத்தினார்.

காவலாளி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "லிஃப்ட் பில்டிங் ஓனரோடது சார். இவங்க வாடகைக்கு இருந்தவங்க. அதுலயும் ஆறு மாசம் பாக்கி."

சர்வீஸ் அட்டையில் வாடகைக்காரன் கையெழுத்துப் போட மாட்டான் என்பது அவருக்குத் தெரியாதா? எத்தனை கட்டட முதலாளிகளிடம் அவரே அட்டையை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று நர்ஸம்மாவிடம் எப்படிச் சொல்வது? வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் நர்ஸம்மா மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அன்னைக்கு உங்க மச்சினன்கிட்ட நீங்க போன்ல சொன்னத கேட்டுட்டு, பொண்ணு காலேஜுக்கு வெச்சிருந்தத நானும் அங்கயே போட்டேன். எனக்கு இந்த மாசம் வட்டி வரல. உங்களுக்கு வந்துடுச்சாய்யா?"