குப்பை மண்ணில் இன்னொரு மிஷின்

நான் சொல்வது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பேயாவது பிசாசாவது என்று அறுபத்து மூன்று வயது வரை சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நானும். போன நவம்பரோடு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

என் பெயர் மெர்ல். அயோவாவில், சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி ஜூன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு மண்ணில் பழைய நாணயம் தேடுவது.

அந்தப் பைத்தியத்துக்கு ஒரு கூட்டாளியும் இருந்தான், டெல்மர். இருபது வருடம் ஒன்றாகத் தோண்டினோம். போன ஆகஸ்டில் முட்டிவலி தாங்காமல் அரிசோனாவுக்கு, மகள் வீட்டோடு போய்விட்டான். அதற்குப் பிறகு என் வீட்டில் பேசியது ரேடியோ மட்டும்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடைக்காரப் பெண்ணிடம் நாலு வார்த்தை பேசுவதற்காகவே பால் வாங்கப் போன நாட்கள் உண்டு.

"தனியாப் போவாதடா," என்றான் டெல்மர் போனில். "போனா யாருகிட்டயாவது சொல்லிட்டுப் போ."

"யாருகிட்ட சொல்ல? பூனைகிட்டயா?"

"உங்கிட்டதான் பூனையே கிடையாதே."

"அதத்தான்டா சொல்றேன்."

இடம், ஆர்லிஸ் என்ற அம்மாளின் பண்ணை. நாலு வருடம் முன்புதான் வாங்கினார். அதன் பின்கோடியில், ஓடைக்கு மேலே, அந்தக் காலத்தில் ஒரு நடன மண்டபம் இருந்து எரிந்துபோயிற்று. ஆடிய இடத்தில் காசு சிதறியிருக்கும் என்பது எங்கள் கணக்கு. அனுமதி கேட்கப் போனபோது ஆர்லிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்க ஆணியும் பீர் மூடியும் தவிர என்ன இருக்கு? சரி, பொன்னு கெடச்சா பாதி எனக்கு."

"ஆணி கெடச்சா?"

"அது முழுசும் உனக்கே, வச்சுக்க. எப்ப வேணா வா, எப்ப வேணா போ. கேட்டை மட்டும் சாத்திட்டுப் போ, கன்னுக்குட்டிங்க ரோட்டுக்கு வந்துரும்."

ஆர்லிஸ் சொன்னது பொய்யில்லை. எரிந்த கட்டடத்தின் ஆணிகள் அடிக்கு அடி. அதோடு பாட்டில் மூடி, டப்பா, சிகரெட் பெட்டித் தகடு. இதைத்தான் நாங்கள் குப்பை மண் என்போம். குப்பையில் கிடந்தாலும் குண்டுமணி குண்டுமணிதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க, மிஷினில் இரும்புக்கான சத்தத்தை அடைத்துவிட வேண்டும். அடைத்துவிட்டால் இரும்பின் மேல் போகும்போது மிஷின் கத்தாது. ஹெட்போனில் எப்போதும் ஓடும் மெல்லிய ரீங்காரம் ஒரு கணம் அறுந்து, திரும்ப வரும். அவ்வளவுதான். குப்பை மண்ணில் அது அறுந்து அறுந்து ஓடும். ர்ர்... ர்ர்... ர்ர்...

நவம்பரில் ஒரு நாள் மதியம் இறங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. எருமைப் படம் போட்ட பழைய ஐந்து சென்ட் காசு ஒன்று, கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு சென்ட் காசு மூன்று கிடைத்தன. குளிர்காலத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய வாரம் அது. வருடா வருடம் நடப்பதுதான், வருடா வருடம் ஏமாறுவேன். நாலரைக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. ஓடையிலிருந்து மூடுபனி மேலேறி வந்தது.

அப்போதுதான் மிஷின் உளற ஆரம்பித்தது.

இரண்டு மிஷின்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் ஒன்றையொன்று குழப்பும். ஹெட்போனில் கீச்சு மூச்சென்று சத்தம் வரும். அதனால் களத்தில் இறங்கியதும் டெல்மரும் நானும் பேசும் முதல் பேச்சே, "நான் ஒண்ணு, நீ மூணு" என்று அலைவரிசையைப் பிரித்துக்கொள்வதுதான்.

இப்போது வந்தது அந்தச் சத்தமேதான். அதில் ஒரு தாளம் இருந்தது. இடமிருந்து வலம்... வலமிருந்து இடம்... யாரோ பொறுமையாக, அவசரமில்லாமல் மிஷினை வீசுகிறார்கள். தொழில் தெரிந்த கை.

எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. மூன்று மாதமாக நான் ஏங்கிக் கிடந்த சத்தம் அது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது என்றால் சிரிப்பீர்கள்.

"யாருங்க அது? நான் ஒண்ணுல இருக்கேன், நீங்க மூணுக்குப் போங்க!"

உளறல் நிற்கவில்லை. காதில் ஹெட்போன் இருந்தால் கேட்காதுதான். நானே மூன்றுக்கு மாறினேன். உளறல் நின்றது.

பத்து எண்ணுவதற்குள் மூன்றிலும் வந்தது.

ஐந்துக்கு மாறினேன். ஐந்துக்கும் வந்தது.

மிஷினைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். அறுத்த சோளத் தட்டை, பனி, வேலிக் கம்பம். ஆள் யாரும் இல்லை.

நாலடி முன்னால் ஒரு குழி தெரிந்தது. எங்கள் ஆட்கள் வெட்டும் விதமாகவே வெட்டியிருந்தது. புல்லை மூன்று பக்கம் மட்டும் அறுத்து, ஒரு பக்கத்தை விட்டு, புத்தக அட்டை மாதிரி திருப்பிப் போட்டிருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளிக் காசு. பத்து சென்ட். எடுக்காமல் வைத்திருந்தது.

வெள்ளியைத் தோண்டியெடுத்துவிட்டு எவன் விட்டுப்போவான்?

திருப்பிய மண்ணைத் தொட்டேன். ஈரம். அறுந்த வேர்கள் வெள்ளையாக இருந்தன. இப்போதுதான் வெட்டியது. ஆனால் பனி படர்ந்த புல்லில் என் பூட்ஸ் தடத்தைத் தவிர வேறு தடமே இல்லை.

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. காசாசை என்று நினைக்காதீர்கள், அந்தக் காசை நான் தொடவே இல்லை. அடுத்தவன் தோண்டிய காசை எடுப்பது எங்களிடையே வழக்கமில்லை. அந்த ஆளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வணக்கம், என்ன கிடைத்தது என்று ஒரு கேள்வி, என் பிளாஸ்க்கில் மிச்சமிருந்த காபியில் பாதி... அதற்காகத்தான் போனேன்.

இன்னொரு குழி. இன்னொரு வெள்ளி.

இன்னும் ஒன்று. எல்லாம் ஒரே கோட்டில், ஓடையோரத்து லைலாக் பூச்செடிப் புதரை நோக்கிப் போயின. உளறல் இப்போது காதுக்குள்ளேயே இருந்தது. என் கை இடது போனால் அதுவும் இடது. நான் வலது வந்தால் அதுவும் வலது. தோளோடு தோளாக நடக்கும் ஆள் மாதிரி...

புதருக்கு முன்னால் குழி இல்லை. புல் மேலேயே, ஒரு முழு வெள்ளி டாலர் கிடந்தது. அந்த இருட்டிலும் பளிச்சென்று.

மூன்றடி வைத்தால் கைக்கு எட்டும்.

பழக்க தோஷம், மிஷினை வீசிக்கொண்டே ஓர் அடி வைத்தேன்.

உளறல் நின்றது.

ரீங்காரமும் நின்றது.

இடது பக்கம் வீசினேன்... ஒன்றுமில்லை. வலது... ஒன்றுமில்லை. கைநீளத்துக்கும் செத்த அமைதி.

குப்பை மண் அப்படி அமைதியாக இருக்காது. இருக்கவே இருக்காது. ஆணி அறுக்கும், மீண்டும் ரீங்காரம் வரும். இங்கே அறுந்தது அறுந்ததுதான், திரும்ப வரவேயில்லை.

அடைத்து வைத்திருந்த இரும்புச் சத்தத்தைத் திறந்துவிட்டேன்.

"ப்ப்ப்பாஆஆம்!"

மிஷின் அலறியது. இடது, வலது, முன்னால், என் காலுக்குக் கீழே... எல்லாம் இரும்பு. ஒரே பெரிய தகரம். நான் அதன் மேல் நிற்கிறேன்.

கால் மெல்ல... அமுங்கியது.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

கீழேயிருந்து...

டக்.

என் பாதத்துக்கு நேர் கீழே.

டக்... டக்.

எப்படிப் பின்னால் பாய்ந்தேன் என்று தெரியாது. விழுந்தேன். எழுந்தேன். ஓடினேன். மிஷினை எங்கே எறிந்தேன் என்பதும் தெரியாது. ஆனால் கழுத்தில் தொங்கிய ஹெட்போனில், எந்த மிஷினோடும் இணைப்பே இல்லாத அந்த ஹெட்போனில், வண்டி ஏறும் வரை உளறல் கேட்டது. பொறுமையாக. இடது... வலது...

மறுநாள் காலை ஆர்லிஸ் போன் செய்தார்.

"யோவ் மெர்ல்! கேட்டைத் தொறந்து போட்டுட்டுப் போயிருக்க. மூணு கன்னுக்குட்டி ரோட்டுல நிக்குது!"

"ஆர்லிஸ்... அந்த லைலாக் புதர் பக்கம் போகாதீங்க. அடியில தகரம் போட்டு மூடியிருக்கு, பழைய கெணறாத்தான் இருக்கும்."

"நீ குடிச்சிருக்கியா?" என்றார். பிறகு, "நீ குடிக்க மாட்டியே," என்றார்.

வெள்ளிக்கிழமை மண் தோண்டும் வண்டி வரவழைத்தார். நானும் போனேன், தூரமாகவே நின்றேன். என் மிஷின் கிடந்தது. நான் வெட்டி மூடிய நாலு இடமும் இருந்தன. மற்றக் குழிகள் இல்லை. புல் ஒரு இழைகூடக் கலைந்திருக்கவில்லை. வெள்ளியும் இல்லை. ஓரடி மண்ணுக்கு அடியில் தகரம் வந்தது. அதற்குக் கீழே உளுத்த பலகைகள். அதற்கும் கீழே முப்பதடி வறண்ட பாழுங்கிணறு.

வண்டிக்காரர் விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

கிணற்றுக்குள் இரண்டு பேர். எலும்புக்கூடுகள். இருவர் மடியிலும் மெட்டல் டிடெக்டர்.

பத்து நாள் கழித்துத் துணை ஷெரீஃப் ஹோலி என் வீட்டுக்கு வந்தாள். சின்ன வயதில் என் பேருந்தில் வந்த பெண்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தர் காணாமப் போனது தொண்ணூத்தொண்ணுல. இன்னொருத்தர் ரெண்டாயிரத்துப் பதிமூணுல. ரெண்டு பேருமே தனிக்கட்டை மெர்ல். ஒருத்தரோட வண்டி ரோட்டோரம் ஒரு மாசம் நின்னிருக்கு. யாரும் கேட்டு வரல. இழுத்துட்டுப் போயி ஏலத்துல வித்துட்டாங்க. ரெண்டு பேரையுமே காணோம்னு யாரும் சொல்லல."

"தகரத்துல எங்க ஓட்டை இருந்துச்சு?"

"ஓட்டையே இல்ல. ஒரே தகரம். அது மேல நாப்பது வருஷத்து வேரு பின்னிக் கெடந்துச்சு. எப்பிடி உள்ள போனாங்கன்னு என்னைக் கேக்காதீங்க."

எழுந்து வாசல் வரை போனவள் நின்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"விழுந்தவங்க நடுவுல குவிஞ்சுல்ல கெடக்கணும்? இவங்க அப்படி இல்ல. ஒரு பக்கச் சுவத்துல முதுகைச் சாச்சு, தோளோட தோள் ஒட்டி, நெருக்கி உக்காந்திருந்தாங்க."

"மறுபக்கம்?"

"காலி. கல்லு, மண்ணு எதுவும் இல்லாம கூட்டி விட்ட மாதிரி இருந்துச்சு. இன்னொரு ஆள் வசதியா உக்காரலாம்."