அரசாங்கம் ஓட்டிய லாரி

தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவது எல்லோருக்கும் உள்ள வழக்கம். குணசேகரன் எதையும் தட்டிப் பார்ப்பார். கேஸ் சிலிண்டரைத் தட்டி இன்னும் ஒரு வாரம் வரும் என்பார். பறங்கிக்காயைத் தட்டுவார், தண்ணீர் டிரம்மைத் தட்டுவார், யாரோடாவது நின்று பேசினால் பக்கத்து மின்கம்பத்துக்கும் ஒரு தட்டு உண்டு. மகள் குந்தவையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் முதுகிலும் அந்தக் கை விழுந்தது. பையன் நெளிந்தான். "காத்து சரியா இருக்கு" என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு அவர் காப்பியைக் குடித்தார். லாரி டயரைக் கம்பியால் தட்டித் தட்டியே தலை நரைத்த மனிதரிடம் வேறு அளவுகோலை எதிர்பார்ப்பது நம் தப்பு.

ஊர் கூத்தாநல்லூருக்குப் பக்கம், வெண்ணாற்றங்கரை. லாரி அஸார் பாயுடையது. கொள்முதல் நிலையத்தில் அடுக்கிய நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்த் தஞ்சாவூர்க் கிடங்கிலோ, வெளியூர் அரவை ஆலையிலோ இறக்குவதுதான் வேலை. ஆனால் வண்டி பாயுடையது என்று குணசேகரனுக்கு யாரும் சொல்லவில்லை போலும். கேபினில் செருப்போடு ஏறினால் பாய்க்கே திட்டு விழும். உள்ளே முறுக்கு தின்னக் கூடாது. பாலம் வந்தால், "பொறும்மா, பொறு, மெதுவா ஏறு" என்று வண்டியைத் தடவிக் கொடுப்பார். வீட்டில் அதே மனிதர் ரசம் வேண்டுமா என்ற கேள்விக்குத் தலையைக்கூட முழுதாக ஆட்டமாட்டார்.

"அதுகிட்ட பேசுறதுல கால்வாசி என்கிட்ட பேசியிருந்தா நான் ரெண்டு சுத்து பெருத்திருப்பேன்" என்பார் அவர் மனைவி ஈஸ்வரி. இதில் வேடிக்கை பாதி, வேதனை பாதி.

வேதனைக்குக் காரணம் உண்டு. குந்தவை கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரே ஒரு லோடு, போனேன் வந்தேன் என்று தர்மபுரிப் பக்கம் போனார். ஆலை வாசலில் வரிசை நகரவில்லை. பெண்ணைப் பெற்றவர் செய்ய வேண்டிய சடங்கையெல்லாம் அவர் தம்பி செய்தார். தாலி கட்டியாகி, மூன்றாவது பந்திக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், காக்கிச் சட்டையும் புழுதியுமாகக் குணசேகரன் மண்டபத்துக்குள் நுழைந்தார். குந்தவை அப்பாவைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். ஈஸ்வரி அழவில்லை. அவரை இலையில் உட்கார வைத்து, பரிமாறிவிட்டு, அத்தனை சனமும் கேட்கும்படி, "எப்ப இந்த ஸ்டியரிங்க விடுவீங்க?" என்றார்.

குணசேகரன் சோற்றில் கை வைத்தபடியே சொன்னார்: "இந்த லைசென்ஸ் முடியட்டும். முடியிற அன்னிக்கு எறங்கிடறேன்." சம்பந்தி வீட்டார் சாட்சி. பாயசம் ஊற்ற வந்தவர்கூடச் சாட்சி.

உரிமம் முடிந்தது 2020 பங்குனியில். நாடே ஊரடங்கில் முடங்கியதற்கு மறுவாரம்.

நம்புங்கள், அவர் இறங்கத்தான் இருந்தார். கடைசி லோடு முடிந்ததும் வண்டிக்குப் போடக் கதம்ப மாலைக்குச் சொல்லி வைத்திருந்தார். பூக்கடை அடைத்துவிட்டார்கள். ஆர்டிஓ அலுவலகத்தையும் அடைத்துவிட்டார்கள். ஊர் எல்லையில் மூங்கில் கட்டி வேப்பிலை சொருகி, உள்ளே வராதே வெளியே போகாதே என்று இளவட்டங்கள் காவல் நின்றார்கள். கொள்முதல் நிலையத்தில் மட்டும் நெல் மலைமலையாகக் கிடந்தது, மேலே கோடைமழை மேகம். ஆள் கிடைக்காமல் அஸார் பாய் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் டெல்லியிலிருந்து அந்த உத்தரவு வந்தது. முடிந்துபோன உரிமங்களெல்லாம் ஜூன் மாதம்வரை முடியாததாகவே கொள்ளப்படும்.

குணசேகரன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். இனிப்பு வாங்கக் கடை எங்கே இருக்கிறது?

"ஜூன் வரைக்கும் செல்லுமாம்" என்றார்.

"கல்யாணத்துல வார்த்த குடுத்தது நீங்களா, டெல்லியா?"

"நானா ஓட்டுறேன், ஈஸ்வரி? அரசாங்கம் ஓட்டச் சொல்லுது. நெல்லு நனையுதுல்ல?"

நெல் நனைகிறது என்றால் இந்தப் பக்கத்தில் யாரும் எதிர்வாதம் பேசமாட்டார்கள். ஈஸ்வரியும் வயல்காட்டில் பிறந்தவர்தான். வாழைப்பழத்தை மட்டும் தொடவில்லை.

அந்த நாட்களில் சோதனைச் சாவடியில் அவரை நிறுத்தாத போலீஸ்காரர் இல்லை. உரிமத்தை நீட்டுவார். தேதியைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, முடிஞ்சுபோச்சே?" என்பார்கள்.

"முடிஞ்சுபோச்சு சார். ஆனா முடியலன்னு அரசாங்கம் சொல்லுது சார்."

இதை அவர் சொல்கிற முகத்தைப் பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய அரசாங்கம் தன் ஒருவனுக்காக மெனக்கெட்டு உட்கார்ந்து யோசித்திருக்கிறதே என்ற பெருமிதத்தில் மீசை ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். போலீஸ்காரர்கள் சிரித்துவிட்டு விடுவார்கள். போகப்போக, சாவடியில் வண்டி தெரிந்ததும் அவர்களே, "முடியாத ஆளு வர்றாரு, விடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஜூன் முடிவதற்குள் செப்டம்பர்வரை என்று வந்தது. அதற்குள் கடைகள் திறந்திருந்தன. தஞ்சாவூரில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது அசோகா அல்வா வாங்கி வந்தார். செப்டம்பருக்கு முன்பே டிசம்பர் என்றார்கள்; அசோகா. டிசம்பரில் மார்ச் என்றார்கள், அசோகா. நாளடைவில் ஈஸ்வரி அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தார். கையில் பொட்டலம் இருந்தால் ஒரே கேள்விதான்: "இந்தத் தடவ எதுவரைக்கும்?"

ஈஸ்வரியும் லேசுப்பட்டவர் இல்லை. ஒருநாள் சாம்பாரில் கை வைத்த குணசேகரன் முகம் சுளித்தார்.

"என்ன இது, புளிக்குது?"

"நேத்து வச்சது. நேத்தோட முடிஞ்சதுதான். நாளைக்கு வரைக்கும் செல்லும்னு உத்தரவு."

அவர் அதையே சாப்பிட்டு எழுந்தார். கிழிந்த தலையணைக்கும், ஒழுகுகிற குழாய்க்கும்கூட அந்த வீட்டில் நீட்டிப்பு கிடைத்தது. குழாய்க்கு மட்டும் மூன்று தடவை.

இரண்டாம் அலையில் இந்த விளையாட்டெல்லாம் நின்றது. வழியில் அவர் வழக்கமாக டீ குடிக்கிற கடைக்காரர் போய்விட்டார். கூடவே வண்டி ஓட்டிய பக்கத்து ஊர்க்காரரும் போய்விட்டார். அப்போது வந்த நீட்டிப்புக்குக் குணசேகரன் எதுவும் வாங்கி வரவில்லை, ஈஸ்வரியும் எதுவும் கேட்கவில்லை. ஆற்றுப்பாலத்தில் ஹாரன் சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நிற்பார், கேட்டதும் உள்ளே போய் உலை வைப்பார். அவ்வளவு பயந்தார் அந்த அம்மாள்.

அரசாங்கத்துக்கும் ஒருநாள் அலுக்கத்தானே வேண்டும்? 2021 ஐப்பசி. அக்டோபரோடு கடைசி என்றார்கள். குணசேகரன் நம்பவில்லை. எல்லா உத்தரவும் கடைசி நேரத்தில் வந்தவைதான், இதுவும் வரும் என்று பாயைப் போய்ப் போய்க் கேட்டார்.

"வராது அண்ணே, இதோட சரியாம்" என்றார் அஸார் பாய். "அதுக்கு ஏன் மூஞ்சத் தொங்கப் போடுறீங்க? டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு வாங்கிட்டு ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு காலைப்பொழுது நின்னா முடிஞ்சுது. அப்புறம் வருஷக்கணக்குல ஒருத்தன் கேக்கமாட்டான். குறுவை நெல்லு வேற குவிஞ்சு கெடக்கு, மழையப் பாருங்க."

குணசேகரன் மழையைப் பார்த்தார். அன்று வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். ஈஸ்வரி கையைப் பார்த்தார்.

"அரசாங்கம் எறங்கிக்கிச்சு" என்றார் குணசேகரன்.

"நீங்க?"

திரும்பி நடந்தவர் நேராக லாரி நிற்கிற ஷெட்டுக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கேபினில் ஏறி உட்கார்ந்தார். இருட்டும்வரை இறங்கவில்லை. என்ன பேசினார் என்று அந்த லாரியைத்தான் கேட்க வேண்டும். பிறகு சாவியை அஸார் பாயின் மேசைமேல் வைத்தார்.

"என்னண்ணே இது? ஒரு கையெழுத்து வேல."

"இத்தன நாளும் அவங்க ஓட்டச் சொன்னாங்க, ஓட்டுனேன் பாய். இனிமே ஓட்டுனா அது நான் ஓட்டுறது. அவகிட்ட வார்த்த குடுத்தது நானுல்ல?"

பாய் ஒருமுறை சாவியைத் திருப்பி நீட்டிப் பார்த்தார். குணசேகரன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். புதிதாக வந்த டிரைவர் மறுநாள் ஷூவோடு கேபினில் ஏறியபோது, அவர் டீக்கடையில் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்ததாக டீக்கடையில் இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

குந்தவைக்கு வளைகாப்பு அந்தக் கார்த்திகையில். புகுந்த வீடு சீர்காழி. முகூர்த்தம் மறுநாள் காலையில்தான், ஆனால் குணசேகரன் முந்தின நாள் விடிந்ததுமே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டார். வளையல், பட்டுப்புடவை, பலகாரத் தூக்கு சகிதம் இருவரும் பஸ் ஏறினார்கள். ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையைப் பிடித்தார். வேறெங்கு உட்காருவார்?

மயிலாடுதுறை தாண்டும்வரை பஸ்ஸை ஓட்டியது இரண்டு பேர். முன்னால் இருந்தவர் கியர் மாற்றினால் பின்னால் இவர் தோளும் அசைந்தது. திருப்பத்தில் கை தானாக முன்கம்பியைப் பிடித்து ஸ்டியரிங் போல ஒடித்தது. "ஹாரன், ஹாரன்" என்று முணுமுணுத்தார். குறுக்கே ஆடு ஓடியபோது பலகாரத் தூக்கு எகிறும்படி வலது காலால் தரையை மிதித்தார். பக்கத்து இருக்கைப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஈஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வைத்தீஸ்வரன்கோயிலுக்கு முன்னால் எதிரே ஒரு லாரி வந்தது. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய நெல் லோடு. குணசேகரன் கழுத்தைத் திருப்பி, அது மறையும்வரை பார்த்தார். திரும்பி உட்கார்ந்தபோது கண் கலங்கியிருந்தது. வலது கால் மட்டும் தகரத் தரையில் எதையோ தேடிக்கொண்டு முன்னும் பின்னும் போய்வந்தது.

ஈஸ்வரி செருப்பிலிருந்து காலை உருவி அந்தக் காலின்மேல் வைத்தார். சீர்காழி வரும்வரை எடுக்கவில்லை.