வால்வில் குத்திய தீக்குச்சி

கரிசல் சேற்றில் ஒரு தடவை லாரி இறங்கி ஏறினால், சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் அடித்திருக்கும் ஈயக் கட்டைகள் உதிர்ந்துவிடும். பசுவந்தனைக்குப் பருத்தி ஏற்றப் போய்ப் போய் அலுத்து, முன் டயர்களுக்குள் ஈயத்துக்குப் பதிலாகக் கடுகளவு கண்ணாடி மணிகளைப் போட்டேன். அவை தாமாகவே உருண்டு எடையைச் சமன் செய்யும். ஸ்டியரிங் ஆடவே இல்லை.

போட்டுக் கொடுத்த டயர் கடைக்காரர், "அண்ணாச்சி, வால்வு மேல இருக்கும்போது மட்டும் காத்தப் பாருங்க. கீழ இருந்தா மணி வந்து சிக்கிக்கிடும்" என்றார்.

இருபது வருட டிரைவருக்கே பாடமா என்று நினைத்தேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி லோடு ஏற்றியதும், வழக்கம்போல ஒரு தீக்குச்சியால் வால்வைக் குத்தி, புஸ்ஸென்ற சத்தத்தை வைத்தே காற்றைப் பார்த்தேன். வால்வு கீழேதான் இருந்தது.

சாத்தூர் தாண்டியதும் வண்டி இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால், அந்தப் பக்க முன் டயர் பாதி அமுங்கி, கை வைக்க முடியாமல் கொதித்தது. பின்னால் லாரி நிறையத் தீப்பெட்டி! இன்னும் நாலு மைல் ஓட்டியிருந்தால் டயர் சூட்டில் லோடே பற்றியிருக்கும்.

டயரை மாற்றிவிட்டு, எஸ்.டி.டி. பூத்திலிருந்து கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"வால்வுல மணி சிக்கி, மூடாமக் காத்து கசிஞ்சிருக்கும். கீழ வச்சா காத்தப் பாத்தீய?"

"ஆமா" என்றேன்.

மணியைக் குறை சொல்ல மாட்டேன். இன்றும் அதில்தான் ஓட்டுகிறேன். ஆனால் வால்வை மேலே நிறுத்தி, மீட்டர் வைத்துத்தான் காற்றைப் பார்க்கிறேன். என் லாரியில் இப்போது தீக்குச்சி இருப்பது லோடில் மட்டும்தான்.