முதல் வட்டம் போட்ட வீடு

இங்கே இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒருவருக்குத் தடிமன் வந்தால் அதை வேலிக்கு மேலால் சத்தமாகவே சொல்லிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு மார்கரெட், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், மூக்கைச் சிந்தியபடி, "எங்கே பிடித்தேனோ தெரியாது" என்பார். அத்தோடு கதை முடிந்தது. யாரிடமிருந்து என்று எவரும் கேட்பதில்லை. இலங்கையில், எங்கள் கல்முனையில் அதுதான் முதற்கேள்வி.

ஆனால் கொரோனா என்றால் மார்கரெட்டும் விடமாட்டார். "நீங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவர். அது சந்தையிலிருந்து வந்ததா, ஆய்வுகூடத்திலிருந்து வந்ததா?" என்று போன வாரமும் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். ஆரம்ப நோயாளிகள் பலர் விலங்குகள் விற்ற ஒரு சந்தையைச் சுற்றியே இருந்தார்கள். விஞ்ஞானிகள் பலர் அந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள். சந்தையருகே தேடியதால் சந்தையருகே கண்டார்கள் என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். எந்த விலங்கு என்பது பிடிபடவில்லை. ஆய்வுகூடம் என்பதற்கும் நேரடிச் சான்று இல்லை. "முதல் நாட்களின் தகவலை வைத்திருப்பவர்கள் அதைக் கொடுக்க வேண்டும்" என்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் கையைத் தொட்டு, "உங்கள் ஆட்கள் யாரும் இறந்தார்களா?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. பின்னேரம் ஒரு கேக்கோடு வந்து நின்றார். அதை வெட்டாமலே மூடி வைத்துவிட்டேன்.

நான் செய்ததை ஊரிலிருப்பவர்களுக்கும், என்னைப் போல் வெளியே வந்துவிட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் வருடம், லெஸ்டர் முடங்கிக் கிடக்க, இங்கே மகனின் வீட்டு அறையொன்றுக்குள் நான் நடந்துகொண்டேயிருந்தேன். ஊரவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி: நம் பகுதிக்கு இதைக் கொண்டுவந்தது யார்? "சேர்தான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்றார்கள். விலங்கியல் படிப்பித்துக் கிழமான எனக்கு அது இனித்தது. தாளில் வீடுகளுக்கு வட்டம் போட்டு, கோடு இழுத்து, படம் பிடித்து அனுப்பினேன். முதல் வட்டம் லத்தீபின் வீடு. கொழும்புக்கும் ஊருக்குமாக மீன் லொறி ஓட்டி, ஊரில் வீடு வீடாக மீனும் விற்றவர் அவர். பரிசோதனையில் முதலில் அகப்பட்டவரும் அவரே. முதலில் அகப்பட்டவர்தான் முதலில் நோயுற்றவர் என்றில்லை. அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான்.

அதைவிடப் பெரியது ஒன்றுண்டு. அதற்கு ஒரு வாரம் முன்பே என் தங்கை ஜெஸீமா போனில் சொல்லியிருந்தாள்: கொழும்பில் ஒரு கலியாணத்துக்குப் போய்வந்ததிலிருந்து வீடு முழுக்கக் காய்ச்சல், ஒருவருக்கும் மணம் தெரியவில்லை. அவள் வீட்டு வாசலில் மீன் கொடுப்பவர் லத்தீப்தான். "ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க காக்கா" என்று அண்ணனான என்னிடம் கேட்டுக்கொண்டாள். சொல்லவில்லை. அவள் வீட்டுக்கு வட்டமே போடவில்லை. அங்கேதான் தொடங்கியது என்று இன்றும் என்னால் அறுதியிட முடியாது. தெரிந்ததை மறைத்தேன் என்பது மட்டும் உறுதி.

லத்தீபிடம் மீன் வாங்க ஆளில்லாமல் போனது. நோய் ஓய்ந்து வருடங்களான பின்னும் அவர் குடியிருக்கும் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்கு, 'கொரோனா ஒழுங்கை' என்றே பெயர்.

இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் பதிந்திருக்கிறேன். போகுமுன் அறிந்தவர் எல்லாரிடமும் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்பது நம் வழக்கம். என்ன குற்றம் என்று நாம் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. அந்த வசதிக்குள் ஒளிந்துகொண்டு லத்தீபுக்கும் போன் எடுத்தேன்.

"தெரியாம ஏதும் குத்தம் செஞ்சிரிந்தா மாப்புத் தாங்க லத்தீப்."

"தெரியாமச் செஞ்சதெல்லாத்துக்கும் தந்துட்டன் சேர்" என்றார். பிறகு மெதுவாக, "தெரிஞ்சு செஞ்சது ஏதும் இரிக்கா?"

சொன்னேன். தங்கை வீட்டுக் காய்ச்சலையும் சொன்னேன்.

"ஓட்டோக்காரனுக்கு வழி சொல்ற நேரம் நானே கொரோனா ஒழுங்கை எண்டுதான் சொல்றன். இல்லாட்டி அவன் வேற ஒழுங்கைக்குள்ள பூந்திருவான்" என்று சிரித்தார். "படம் போட்ட இடத்திலயே இதையும் எழுதுங்க சேர். எழுதிட்டு, ஒரு வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு சனம் வெளிய நிக்கிற நேரம் என்ட வீட்டுக்கு நடந்து வாங்க. மாப்ப அங்க வெச்சுத் தாறன்."

அன்றே எழுதினேன். தங்கை வீட்டைச் சொல்லாமல் லத்தீபின் பெயரைத் துடைக்க வழி தெரியவில்லை. நோய் வந்தது எவருடைய குற்றமும் அல்ல என்றும் எழுதினேன். அந்த வரியை யார் வாசித்தார்களோ தெரியாது. ஜெஸீமா எனக்குப் போன் எடுத்தாள்.

"அவருக்குச் செஞ்சத இப்ப எனக்குச் செஞ்சிட்டீங்க காக்கா. இனி என்ட வாசல மிதிச்சிராதீங்க."

அவள் சொன்னதில் பிழையில்லை.

ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அங்கே போனால் இதுவரை தங்கியது அவள் வீட்டில்தான்; வேறிடம் நான் அறியேன். ஆகவே நேற்று கல்முனையில் ஒரு விடுதிக்குப் போன் எடுத்தேன். பேசிய பெண் பிரித்தானியக் கடவுச்சீட்டு இலக்கத்தைப் பதிந்துகொண்டு, "சேர் கல்முனைக்கு இப்பதான் முதல்தரம் வாறீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம், முதல்தரம்தான்" என்றேன்.

பஸ் டிப்போவில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பவேண்டும், எத்தனையாவது சந்தி என்று அவள் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் ஒரு தாள் எடுத்துக் குறித்துக்கொண்டேன்.