புல்வெளிப் பலகை

என் பெண்டாட்டி லொரெய்னுக்குப் பேச்சில் நம்பிக்கை கிடையாது. அமெரிக்காவில் எங்கள் கனெடிகட் மலையூர்களில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். வருகிற வேட்பாளருக்கெல்லாம் ஆப்பிள் பை என்ற இனிப்பை வெட்டிக் கொடுத்து, "உங்களுக்குத்தான்" என்று அனுப்பிவைப்பார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்கு முன்னால் எந்த ஊர்க் கமிட்டி யார் பக்கம் என்று கணக்குப் பார்ப்பது லொரெய்னின் வேலை. சம்பளமா? ஒரு காசு கிடையாது. கமிட்டித் தலைவர் வேட்பாளரின் பெயர்ப் பலகையைத் தன் வீட்டுப் புல்வெளியில் நட்டால்தான் அந்த ஊரைச் சேர்த்துக்கொள்வாள். தீர்மானமே போட்டாலும் சரி, பலகை இல்லையென்றால் இல்லைதான்.

அந்த வருஷம் சட்டமன்றத்துக்கு நர்ஸ் ரோஸலின் பிக்கெட்டை நிறுத்தப் பாடுபட்டோம். எதிரே பணக்கார வக்கீல் ஒருவர். எண்ணிப் பார்த்த ஊர்களின் ஓட்டில் எங்களுக்குக் கொஞ்சம்தான் கூடுதல். மிச்சம் இரண்டு. டன்மோர் பெரிய ஊர். அதன் கமிட்டித் தலைவி லொரெய்னின் சொந்த அக்கா மேக்ஸின். மற்றது ஹார்லோ, மாட்டுப் பண்ணைகள் மட்டுமே உள்ள சின்ன ஊர். டன்மோர் வந்தால் ஹார்லோ தேவையே இல்லை. டன்மோர் கைவிட்டால் ஹார்லோ இல்லாமல் கரையேற முடியாது.

எங்கள் ஓட்டு ரோஸலினுக்குத்தான் என்று மேக்ஸின் சத்தியம் செய்யாத குறைதான். ஆனால் அவள் வீட்டுப் புல்வெளி மொட்டையாகக் கிடந்தது.

"புல்லு இப்பத்தான்டீ முளைக்குது, அடுத்த வாரம் நடுறேன்" என்றாள்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிய லொரெய்ன், "அக்கா நம்ம பக்கம் இல்லைங்க" என்றாள்.

மாநாட்டுக்கு முந்தின சனிக்கிழமை, டன்மோர் தீயணைப்பு நிலையத்தில் மேக்ஸின் ஊர் விருந்து ஒன்று வைத்தாள். ரோஸலினுக்காகவே என்று ஊரெல்லாம் சொல்லி அழைத்திருந்தாள். லொரெய்னோ அன்றைக்கு ரோஸலினை ஹார்லோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உங்க அக்கா விருந்தையா விடச் சொல்றீங்க? அவங்களையே நம்பலன்னா யாரைத்தான் நம்புவீங்க?" என்று ரோஸலின் பதறினாள்.

"பலகையை நம்புவேன்."

ஹார்லோ தலைவர் எவரெட் டட்டில் தொழுவத்தை விட்டு வெளியே வரவில்லை. "பெரிய ஊருல விருந்தாமே, இங்க என்ன வேலை?" என்றார். ரோஸலின் சாணி மிதித்து உள்ளே போனாள். பக்கத்தில் மருத்துவமனை இல்லாமல் தன் மனைவியை எவ்வளவு தூரம் தூக்கிப்போக வேண்டியிருந்தது என்று மனிதர் பேசிக்கொண்டே இருந்தார், ரோஸலின் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் அவரே சுத்தியலை எடுத்துவந்து, தபால் பெட்டிக்குப் பக்கத்தில் பலகையை அடித்து இறக்கினார்.

வீடு திரும்புவதற்குள் போன் வந்துவிட்டது. "ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியேடீ! இனி என் வாசப்படி மிதிக்காத" என்று மேக்ஸின் கத்தினாள். அன்று லொரெய்ன் சாப்பிடவே இல்லை.

மாநாடு பள்ளிக்கூட உள்ளரங்கில். அகர வரிசையில் ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். டன்மோர் முறை வந்தது. மேக்ஸின் எழுந்தாள், தங்கை இருந்த பக்கம் திரும்பவே இல்லை. வக்கீல் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் முழுக்க "ஐயோ" என்றது. ரோஸலின் முகம் வெளிறிப்போனது. லொரெய்ன் மட்டும் அசையாமல், அடுத்த ஊருக்காகக் காத்திருந்தாள்.

"ஹார்லோ" என்றார்கள். எவரெட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "ரோஸலின் பிக்கெட். எங்க ஆளுங்க அத்தனை பேரும்."

ரோஸலின்தான் என்று முடிவை அறிவித்தபோது நான் விசிலடித்தேன். இந்த வயதில் என்ன விசில் என்று யார் கேட்டால் எனக்கென்ன? அவள் என் பெண்டாட்டி ஐயா!

மறுநாள் காலையில் மேக்ஸினின் கார் எங்கள் வாசலில் நின்றது. வந்தவள் உள்ளே வரவில்லை.

"எங்கூர்ப் பாலத்தைக் கட்டித் தர்றேன்னார்டீ அந்த வக்கீல். உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல" என்றாள். "போகுது, ஒரு பலகை குடு. இனிமே கட்சி வேட்பாளர் ரோஸலின்தானே?"

இரண்டு பேரும் டன்மோருக்குப் போனார்கள். நான் சுத்தியலோடு பின்னால் போனேன். மேக்ஸினே அடித்து நட்டாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இப்பவாவது எங்கூரைச் சேத்துக்குவியா?" என்றாள்.

லொரெய்ன் பலகையைப் பிடித்து இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கும் நிக்குதான்னு வந்து பாக்குறேன். ஆப்பிள் பை சுட்டு வை" என்றாள்.