சயாமுக்குக் கொடுத்த ஊர்

புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சு எல்லைக்குள் பிறந்தவர் என்பதால் என் வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சு உத்தியோகம் கிடைத்தது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட கம்போடியாவில் பட்டம்பாங் என்ற ஊரில் சந்தை வரி வசூலித்தார். பக்கத்திலேயே, இப்போது தாய்லாந்து என்கிறார்களே, அந்தச் சயாம் ராஜாவின் எல்லை. கடைசியாக லீவில் வளவனூருக்கு வந்தபோது, "பிரெஞ்சுக்காரனும் சயாமும் சிநேக ஒப்பந்தம் போட்டுக்கினாங்க. இனிமே சண்டையே வராது. அடுத்த தபா உன்னையும் இட்டுக்கினு போறேன்" என்றார். நானும் நம்பினேன்.

பாரிஸுக்குள் ஜெர்மன்காரன் நுழைந்ததும் அந்தச் சிநேகம் காற்றில் பறந்தது. சயாம் சண்டைக்கு வந்தது. ஜப்பான்காரன் நடுவில் நின்று பஞ்சாயத்துப் பண்ணி, பட்டம்பாங்கைச் சயாமுக்கு வாங்கிக் கொடுத்தான். எங்கள் வீட்டில் யாரும் பதறவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வயல் இங்கிலீஷ்காரனுடையது, அடுத்த வயல் பிரெஞ்சுக்காரனுடையது. அங்கேயும் அப்படித்தான் இருக்கும், அவர் வரப்பைத் தாண்டிப் பிரெஞ்சுப் பக்கம் வந்துவிடுவார் என்று நினைத்துவிட்டோம். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! அவர் வரவில்லை. தபாலும் நின்றுபோனது.

புதுச்சேரிப் பிரெஞ்சு ஆபீசுக்கு நடையாய் நடந்தேன்.

"அந்த ஊரு இப்ப எங்களுது இல்லம்மா" என்றார் குமாஸ்தா.

"ஊரத்தான குடுத்தீங்க? என் புருஷனையும் சேத்தா குடுத்தீங்க?" என்றேன். அவர் பேனாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

போர் முடிந்தும் தகவல் இல்லை. விழுப்புரத்தில் இருந்த என் வீட்டுக்காரரின் அண்ணன், தன் தம்பி செத்துவிட்டதாக முடிவு கட்டிக் கருமாதிக்கு நாள் குறித்து, ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அன்றைக்குக் காலையில், காரியம் செய்ய மெழுகி வைத்திருந்த இடத்தில் போய் நான் உட்கார்ந்துகொண்டேன்.

"செத்தத யாருங்க மாமா பாத்தது? பாத்தவங்க வரட்டும், பண்ணலாம்."

வந்தவர்கள் சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பட்டம்பாங் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது என்று கேள்விப்பட்டதுமே அந்தக் குமாஸ்தா முன்னால் போய் நின்றேன். "ஊரு உங்களுது ஆயிடுச்சு. என்ன அனுப்புங்க." பொம்பளை தனியாகவா என்று இழுத்தார். கப்பலில் இடம் கிடைக்கும்வரை அந்த ஆபீஸ் வாசலை நான் விடவில்லை.

பட்டம்பாங் சந்தையில், ஒரு துணிக்கடையில் என் வீட்டுக்காரர் துணி அளந்துகொண்டிருந்தார். இளைத்துப்போய், தலையெல்லாம் நரை. என்னைக் கண்டு எழுந்தார். ஆனால் கிட்டே வரவில்லை.

"சண்ட முடியறவரைக்கும் வர வழியில்ல. அப்புறம் நம்ம ஊருப் பக்கத்து ஆளு ஒருத்தரு சொன்னாரு, எனக்குக் கருமாதி பண்றாங்கன்னு. காரியம் முடிஞ்சவன் வூட்டுப் படி ஏறினா குடும்பத்துக்கு ஆவாது. அதான் வரல."

எனக்கு வந்ததே கோபம்!

"நான் பண்ண வுட்டாத்தான!" என்று கத்தினேன். சந்தையே திரும்பிப் பார்த்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.